டிலீட் இல்லாத பட்டியல்

சென்ற சனிக்கிழமை நண்பகலில், கிள்ளானில் ஒரு கோயில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்டேன்.

கோயிலென்றால் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லத்தானே செய்வார்கள், அதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? நான் சீட்டு எதுவும் வாங்கவில்லை. குருக்களிடம் பெயர் சொல்லவில்லை. அந்தக் கோயிலுக்குள் கால் வைத்து ஐந்து வருடம் ஆகிறது. அது மட்டுமில்லை — எனக்கு முன்னால் அவர் சொன்ன பெயர் செத்துப்போன ஒருவருடையது.

"அனுராதா நட்சத்திரே… ஜெகதீசன் நாமதேயஸ்ய…" என்று நிதானமாகப் படித்தார். அனுராதா என்றால் நம்முடைய அனுஷம். அடுத்த மூச்சில் "விஜயலெட்சுமி" என்றார். பிறகு இருவருக்கும் சேர்த்து ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வரியம் எல்லாம் கேட்டார்.

விஜயலெட்சுமி நான்தான். இந்தப் பத்திக்கு மேலே வாராவாரம் நீங்கள் பார்க்கும் பெயர் புனைபெயர். இத்தனை நாளாகச் சொல்லாததற்கு மன்னியுங்கள். இந்த வாரக் கதை என் சொந்தப் பெயர் இல்லாமல் நகராது.

வெளியே கண் கூசும் வெயில். மண்டபத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். குருக்கள் ஒவ்வொரு பெயரைச் சொல்லும்போதும் எங்கோ ஒரு மூலையில் இரண்டு கைகள் உயர்ந்து கும்பிட்டன. ஜெகதீசனுக்கு யார் கும்பிடுகிறார்கள் என்று சுற்றிலும் தேடினேன். ஒருவரும் இல்லை.

நான் ஏன் அங்கே போனேன்?

வேலையை விட்ட கதையை முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு மாதமாக பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதத் திட்டம் போடுகிறேன். கோயில்களுக்கான புரோகிராம். அர்ச்சனை, உபயம், மண்டப வாடகை எல்லாம் ஒரே பிளாப்பியில். முதலாளி கிடையாது, கூட்டாளி கிடையாது. தப்பானால் திட்டுவதற்கும் நானே, திட்டு வாங்குவதற்கும் நானே.

ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்னால் பழைய தப்புகளை எல்லாம் எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் பயிற்சிப் புத்தகம் ஒன்று. முதல் பக்கத்தில் செந்தூல்.

செந்தூலில் ஒரு கிளினிக். நானும் ஜெகதீசனும் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் எழுதிக் கொடுத்த முதல் புரோகிராம் அவர்களுக்குத்தான். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதினோம். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர்தான் குடும்பப் பெயர், மரியாதையாகக் கூப்பிட அதைத்தான் சொல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. அப்படியே செய்தோம். நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடைசியில் இருப்பது அப்பா பெயர்.

முதல் நாள் காலையில் தாதி சீட்டைப் பார்த்து "முனியாண்டி" என்று கூப்பிட்டாள். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை, வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் எழுந்து நின்று, டாக்டர் அறையைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்பா முனியாண்டி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். நானும் ஜெகதீசனும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்றிருந்தோம். அவள் பார்த்த திசையில் நாங்களும் பார்த்தோம். வாசலில் யாரும் இல்லை, ஆனால் கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்றாகத்தான் இருக்கும்.

பாடம் ஒன்று என்று எழுதினேன்: அப்பா பெயரைக் கூப்பிடாதே.

இரண்டாவது பக்கம் அந்தக் கிள்ளான் கோயில்.

அங்கே கேட்டது இதுதான். சந்தாதாரர்களின் பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தினமும் காலையில் அன்றைய நட்சத்திரத்துக்காரர்களின் பட்டியல் அச்சாகி வர வேண்டும். குருக்கள் அதைப் பார்த்து உச்சிகாலப் பூசையில் படிப்பார். பெயர் போட்ட திருநீற்றுப் பொட்டலம் அலுவலகத்தில் தயாராக இருக்கும். சுலபமான வேலை, மூன்று மாதத்தில் முடித்துவிட்டோம்.

நிர்வாகத்துக்குப் போட்டுக் காட்டிய அன்று, அப்போதைய செயலாளர் திரையில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். 'இறந்த தேதி' என்று ஜெகதீசன் போட்டிருந்த கட்டம். செயலாளர் முகம் மாறிவிட்டது. கோயிலுக்குள் இந்த வார்த்தையா? அதுவும் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் காலியாக ஒரு கட்டம் வைத்துக்கொண்டு, எப்போது நிரப்பலாம் என்று காத்திருப்பதா? எடுக்கச் சொன்னார். சரி, 'நீக்கு' என்று ஒன்று மட்டும் வைக்கிறோம் என்றோம். அதுவும் ஆகாது. 'அழி'? கேட்கவே வேண்டாம். போகும்போது, கீபோர்டில் டிலீட் என்று எழுதியிருந்த பொத்தான் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் போனார். எண்ட் பொத்தானை விட்டுவிட்டார். கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஜெகதீசன் விடவில்லை. வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ஒரு குறி வைப்போம், இல்லாவிட்டால் நாளைக்குச் சிக்கலாகிவிடும் என்று வாதாடினார். எனக்கு அவசரம். ஜோகூரில் புது வேலை காத்திருந்தது. வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார், உங்களுக்கென்ன வந்தது என்று கேட்டேன்.

"செத்தவங்கள எங்க வைப்பீங்க, விஜி?" என்றார்.

"செத்தவங்க வந்து கேக்கட்டும். அப்பப் பாத்துக்கலாம்" என்றேன்.

அதோடு பேச்சு வளர்ந்தது. அவர் என்னை அவசரக்காரி என்றார், நான் அவரைப் பிடிவாதக்காரர் என்றேன். பிறகு சொல்லக்கூடாததையும் இருவரும் சொன்னோம். கூட்டு அன்றோடு முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, அவர் மாரடைப்பில் போய்விட்டார் என்று பழைய வங்கி நண்பர் ஒருவரிடமிருந்து ஜோகூர் ஆபீசுக்கு போன் வந்தது. மறுநாள் உடல் எடுப்பு. பஸ் ஏறியிருந்தால் வந்திருக்கலாம். நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; கேட்டால்தானே கிடைப்பதற்கு?

பயிற்சிப் புத்தகத்தில் பாடம் இரண்டு என்று நான் எழுதியிருந்தது: கூட்டாளி வேண்டாம்.

அன்றைய செயலாளர்தான் இன்றைக்குக் கோயில் தலைவர். புதுப் புரோகிராம் எழுதுகிறேன், முதலில் உங்கள் கோயிலுக்கே தருகிறேன் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் அவருக்கு போன் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பட்டியல் ஒரு மாதிரியாக இருக்கிறது, நேரில் வந்து பாரம்மா, சனிக்கிழமை பூசை முடிந்ததும் பேசலாம் என்றார். சனிக்கிழமை அனுஷம் என்பது எனக்குத் தெரியாது. என் நட்சத்திரம் சுவாதி.

பிறகு ஏன் அனுஷத்தில் என் பெயர்? அதை மண்டபத்தில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் சோதனைக்கு முதலில் சொந்தப் பெயரைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். ஜெகதீசன் தன்னை முதல் ஆளாக ஏற்றினார். அதையே காப்பி செய்து, பெயரை மட்டும் மாற்றி, என்னை இரண்டாம் ஆளாக்கினார். நட்சத்திரத்தை மாற்ற மறந்துவிட்டார். சோதனை முடிந்ததும் இரண்டையும் எடுத்திருக்க வேண்டும். எப்படி எடுப்பது? டிலீட்தான் இல்லையே.

விளக்கம் கிடைத்துவிட்டால் பயம் போய்விடும் என்பார்கள். போகவில்லை. பூசை முடிந்து அலுவலகத்துக்குப் போனேன்.

தலைவர் இன்னும் வரவில்லை. கிராணி மட்டும் இருந்தார். மணியம் அண்ணன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகத்தான் இந்த அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாராம். மேசையில் அன்றைய பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் அனுஷத்துக்கென்று ஒரு தடித்த கையெழுத்துப் புத்தகம். மூன்று லெட்சுமிகளின் பொட்டலம் ஒரு முறை மாறிப்போய் சண்டை வந்ததாம். அதிலிருந்து கையெழுத்துப் போட்டால்தான் பொட்டலம், அதுவும் போன மாதக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார்.

ஜெகதீசன் பெயருக்கு நேரே ஜெகதீசனின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை வங்கியில் பத்து வருடம் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்தின் வால் கீழே இறங்கி, முழுப் பெயருக்கும் அடியில் கோடு போட்டதுபோல் ஓடும். போன மாத அனுஷத்தில் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் இருந்தது. பக்கம் பக்கமாகப் பின்னால் போனேன். ஐந்து வருடம், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அவர் எந்த மாதம் செத்தார் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்குக் கீழே ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர். அதற்கு நேரே 'விஜி' என்று ஒரு கையெழுத்து. நான் போடாதது.

"இவங்கெல்லாம்… வந்து வாங்கிக்கிறாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

எல்லாரும் வந்துவிடுவார்கள், ஒரு பொட்டலம்கூட மிஞ்சாது என்றார். விரல் வைத்துக் காட்டினார். இவர் போன வருடம் போனவர். இந்த அம்மா அதற்கு முந்தைய வருடம். இவர்கள் இரண்டு பேரும் ஒரே விபத்தில். அன்றைய பட்டியலில் இருந்த பத்தொன்பது பேரில் பதினொரு பேர் உயிரோடு இல்லை. பதினொரு பேரும் மாதம் தவறாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதோ இவர்களும் இல்லை என்று என் பெயரைக் காட்டினார்.

"அது நான்தாண்ணே" என்றேன்.

மணியம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டு, மேசைக்கு அடியில் என் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில்தான் இருந்தன. ஒரு நொடி நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் கமலா வந்தாள். ஜெகதீசனின் மனைவி.

பண்டமாரானில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறாள். சனிக்கிழமை அரை நாள்; சீருடையோடு நேராக வந்திருந்தாள். பஸ் தாமதமாகிவிட்டது, பெயர் சொல்லிவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், என்னைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவள் கையில் இருந்த பை தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"விஜிக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அருகில் வந்து என் முழங்கையைத் தொட்டாள். பிறகு இறுக்கிப் பிடித்தாள்.

என் முதல் ஜோகூர் வீட்டு விலாசத்துக்குக் கருமாதிப் பத்திரிகை அனுப்பினாளாம். 'பிண்டா', ஆள் இடம் மாறிவிட்டார் என்று முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டதாம். அந்த வீட்டு போன் நம்பரும் வேலை செய்யவில்லை.

"செத்துட்டீங்கன்னு யாரும் சொல்லலக்கா. ஆனா உயிரோட இருந்திருந்தா வந்திருப்பீங்கன்னு நெனச்சேன் லா."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். போன் வந்ததையும், நான் பஸ் ஏறாததையும் அவளிடம் சொன்னேன். கமலா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

பிறகு மிச்சத்தைச் சொன்னாள். நாங்கள் சண்டை போட்டுப் பிரிந்த பிறகும் ஜெகதீசன் மாதாமாதம் கோயிலுக்கு வந்திருக்கிறார். பட்டியலில் தன் பெயரும் என் பெயரும் மாட்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பெரிய வேடிக்கை. ஒரு நாள் விஜிக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பாராம். இரண்டு பொட்டலத்தையும் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். என்னுடையதைப் பிரிக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அவர் போன பிறகு வந்த முதல் அனுஷத்தில், ஏதோ நினைப்பில் கமலா கோயிலுக்கு வந்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் புருஷன் பெயர்.

"ஆயுசு கேட்டாருக்கா, சாமிகிட்ட. அவருக்கு. நான் தூணப் புடிச்சிக்கிட்டேன்" என்றாள். "அதுக்கப்புறம் ஒரு மாசமும் விட்டதில்ல. அன்னைக்கு ஒரு நாளுதான் யாராச்சும் அவரு பேரச் சத்தமா சொல்றாங்க."

பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் புருஷன் கையெழுத்தை எத்தனையோ முறை போட்டுப் பழகிய கை அவளுடையது. அன்றும் என் எதிரிலேயே பேனாவை எடுத்து, வால் இறக்கி, கோடு இழுத்து, ஒரே வீச்சில் போட்டாள். என் கண் முன்னால் ஜெகதீசன் வந்து எழுதிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அடுத்த வரிக்குக் கை தானாக நகர்ந்தது. நின்றாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மணியம் அண்ணன் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, போன மாதத்தையும் இந்த மாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துப்போகலையேம்மா" என்றார்.

நான்தான் அந்த விஜயலெட்சுமி, அடையாளக் கார்டைக் காட்டட்டுமா என்று கேட்டேன். கார்டெல்லாம் அவருக்கு வேண்டாம், கையெழுத்துதான் வேண்டும். கடைசியில் என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கமலாவைப் போடச் சொன்னார். போட்டாள். ஒத்துப்போனது. பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். அவள் அதை என் கையில் வைத்தாள்.

தலைவர் வந்தது அதற்குப் பிறகுதான். அவருக்கும் எல்லாம் தெரியும். இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தவர்தான். ஆனால் கும்பாபிஷேகம் நெருங்குகிறது. செத்தவர்களுக்கு ஆயுள் கேட்டுக்கொண்டிருக்கிறோம், சாமி குத்தமாகிவிடும், புதுப் புரோகிராமில் அத்தனை பேரையும் எடுத்துவிடு என்றார். எப்படி எடுப்பது, எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது, ஆனால் அந்த வார்த்தை மட்டும் திரையில் வரக்கூடாது என்றார். ஐந்து வருடத்தில் மனுஷர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

கமலா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எடுத்துடுவீங்களாக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? சட்டப்படி தலைவர் சொல்வது சரி. சாஸ்திரப்படியும் சரியாகத்தான் இருக்கும். செத்தவர் பெயரைப் பட்டியலில் விட்டுவைப்பது, புரோகிராம் எழுதுகிறவர்கள் பார்வையில் வெறும் குப்பை. ஆனால் அதை எடுத்தால் ஒரு பெண்ணின் புருஷன் இரண்டாவது முறை போவான். அதுவும் என் கையால்.

மூன்று நாள் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை தலைவருக்கு போன் செய்தேன். இறந்த தேதி வேண்டாம், நீக்கு வேண்டாம், அழி வேண்டாம். ஒரே ஒரு கட்டம் — கையெழுத்து. பொட்டலத்தை யாராவது வாங்கிக் கையெழுத்துப் போட்டால் பெயர் இருக்கும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து யாருமே போடாவிட்டால் பெயர் தானாக நின்றுவிடும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தாள், மற்றவர்களுக்கு ஒரு தாள் என்று குருக்கள் பிரித்துப் படித்துக்கொள்ளட்டும். எந்தத் தாள் என்பதைக் குடும்பம் சொல்லட்டும். கேட்காமல் கம்ப்யூட்டர் யாரையும் தாள் மாற்றாது.

கையெழுத்து என்பது நல்ல வார்த்தைதான் என்றார் தலைவர்.

கமலாவின் கிடங்குக்கு போன் செய்து சொன்னேன். சரிக்கா என்றாள். ஒரு நாள் மீன் குழம்பு வைக்கிறேன், வீட்டுக்கு வாங்க என்றாள். பயிற்சிப் புத்தகத்தில் பாடம் இரண்டை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

விதி போட்டால் போதுமா, சோதித்துப் பார்க்க வேண்டாமா? மணியம் அண்ணனிடம் கெஞ்சி அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தேன். நேற்று பகல் முழுவதும் உட்கார்ந்து ஐந்து வருட அனுஷப் பக்கங்களை ஏற்றி, அந்த விதிக்காக மட்டும் எழுதிய சின்னப் புரோகிராமை ஓட்டினேன். பத்தொன்பது பேரும் அப்படியே இருந்தார்கள். யாரும் நிற்கவில்லை. அப்படியானால் நிறுத்தும் பகுதி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அதற்காக, எனக்காக கமலா போட்ட கையெழுத்துகளை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

ஜெகதீசன் இருந்தார். போன வருடம் போனவர் இருந்தார். ஒரே விபத்தில் போன இருவரும் இருந்தார்கள். அந்தப் பத்தொன்பது பேரில் செத்தவள் நான் ஒருத்திதான்.